பம்புக்குக் குளிராமல்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால், நான் வேலை செய்த ஆஸ்திரேலிய ஊரான பலரட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாயில் போனால் உப்பு இன்னும் இரண்டு பை கூடிவிடும். அறுநூறு லீற்றர் சுத்தத் தண்ணீருக்குள் கறி உப்பைக் கொட்டித் தடியால் கலக்கியவன் நான்தான்.

யன்னல் கழுவும் வேலையில் எனக்கு அது முதல் குளிர்காலம். இரவில் வேலை வாகனமான வானுக்குள் இருக்கிற தண்ணீர் உறையும், கவனமாக இரு என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடற்கரையில் வளர்ந்தவன். கடல் உறைந்ததை நான் கண்டதில்லை, என் அப்பா கண்டதில்லை, அவருடைய அப்பா கண்டதாகவும் யாரும் சொல்லவில்லை. ஏன் உறையவில்லை? உப்பு. இதற்கு மேல் என்ன விஞ்ஞானம் வேண்டும் என்று கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தேன்.

எங்கள் தொழிலில் யன்னலைத் துணியால் துடைப்பதில்லை. நீண்ட தடியின் நுனியில் தூரிகை, அதன் ஊடாகத் தண்ணீர். நிலத்தில் நின்றபடியே மூன்றாம் மாடிக் கண்ணாடியை உரசிக் கழுவிவிட்டு அப்படியே காயவிடுவோம். காயும்போது தடம் விழாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீரில் எதுவுமே இருக்கக்கூடாது. குழாயில் வருகிற தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் பில்ட்டரால் பிடித்துவிட்டுத்தான் வானில் இருக்கிற தண்ணீர்த் தாங்கியை நிரப்புவோம். அந்தத் தண்ணீருக்குள்தான் நான் கறி உப்பைப் போட்டேன்.

மறுநாள் ஒரு ஆரம்பப் பாடசாலை முழுவதையும் கழுவினேன். மத்தியானம் வெயில் ஏற ஏறக் கண்ணாடிகள் வெளுத்துக்கொண்டு வந்தன. மாலையில் பார்த்தால் பாடசாலை கருவாடு மாதிரி இருந்தது. பிள்ளைகள் வெளியே வந்து யன்னல்களில் விரலால் பூனையும் வீடும் கீறியிருந்தார்கள். முதலாளியம்மா வந்தார். கண்ணாடியில் ஒரு விரலை இழுத்தார். விரலை நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் காலை என் வானின் சாரதி இருக்கையில் உடைக்காத உப்புப் பை ஒன்று இருந்தது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் இப்போது ஆலோசனை கேட்கிறார்கள். போன கிழமை நான் இருக்கிற மெல்பன் புறநகரான டார்னெய்ட்டில் உறைபனி விழுந்தது. எங்கள் தெருவில் சொந்தமாக வான் வைத்து யன்னல் கழுவுகிற ஒரு தம்பி, தமிழ்நாட்டுப் பிள்ளை, காலையில் வந்து கதவைத் தட்டி, “அங்கிள், பம்ப் வெடிச்சுப் போச்சு” என்றார். குளிர்காலத்தில் வானை எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று எழுதித் தாருங்கள், எங்கள் பெடியள் எல்லோருக்கும் உதவும் என்று கேட்டார். “நீங்க எழுதினா நல்லா இருக்கும்” என்றும் சொன்னார். அவருக்கு உப்புக் கதை தெரியாது.

எனவே எழுதுகிறேன். ஆனால் பம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னோடு வேலை செய்த நேசனைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் வேலை பழகிய கதையைச் சுருக்கிவிடலாம். தொழிற்சாலை மூடினார்கள், ஐம்பதை நெருங்கிய எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை, பலரட்டில் யன்னல் கழுவ ஆள் தேவை என்றார்கள், டார்னெய்ட்டிலிருந்து தினமும் போய்வரலாம் என்று சேர்ந்தேன். இடுப்பும் தோளும் முதல் மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு சமாதானமாகிவிட்டன.

முதலாளியின் பெயர் மோரீன். அறுபது கடந்த, ஒல்லியான, அதிகம் பேசாத பெண். இந்தத் தொழிலை அவரும் கணவரும் ஏணியும் வாளியுமாகத் தொடங்கியவர்கள். ஒரு குளிர்காலக் காலையில் ஏணியின் படியில் பனி பிடித்திருந்தது. கணவர் மேலேயிருந்து விழுந்து செத்துப்போனார். அதன் பிறகுதான் மோரீன் தாங்கியும் பம்பும் பூட்டிய வான்களை வாங்கினார். ஏணியை எல்லாம் விற்கவில்லை. வான்கள் நிறுத்துகிற யார்ட்டின் மூலையில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார். பம்ப் உறைந்தால் அன்றைக்கு வேலையை விட வேண்டும், அல்லது ஏணியில் ஏற வேண்டும். எனக்கு அவர் இதை ஒரேயொரு முறைதான் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் சாரதி இருக்கைதான் சொல்லும். நாங்கள் எதை உடைத்தாலும் அவர் சத்தம் போடமாட்டார். உடைந்த துண்டைக் காலையில் எங்கள் இருக்கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதன் மேல் உட்காராமல் இருக்க அதைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் பார்க்க வேண்டும். ஏச்சு வாங்கினால் மத்தியானத்துக்குள் மறந்துபோகும், இது மறக்காது.

மாலையில் வானின் குழாய்களில் நிற்கிற தண்ணீரை வடிக்கும் ஒழுங்கை அவர் பக்கத்தில் நின்று காட்டித் தந்தார். தம்பிமார் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

பெரிய தாங்கிக்குப் பயப்பட வேண்டாம். அவ்வளவு தண்ணீர் ஒரு இரவில் உறையாது. எங்கள் சமூகத்தைப் போலத்தான், பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சின்னவைதான் வெடிக்கும். பம்பின் தலை, மூட்டுகள், மெல்லிய குழாய், பில்ட்டர். முதலில் தாங்கியின் வாயை மூட வேண்டும். குழாயின் நுனியைத் திறந்துவிட்டுப் பம்பை ஓடவிட வேண்டும். தண்ணீர் முடியும்போது பம்ப் கிழவன் மாதிரி இருமும். இருமியதும் நிறுத்திவிட வேண்டும். வெறும் வயிற்றில் ஓடினால் கருகிவிடும். தடிகளைத் தலைகீழாகச் சாய்த்து வைக்க வேண்டும். பில்ட்டரைக் காயவும் விடக்கூடாது, உறையவும் விடக்கூடாது. ஆகையால் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அடுத்தது வால்வுகள். நான் எல்லா வால்வையும் இறுக்கி மூடிவிட்டுப் பெருமையோடு நின்றபோது மோரீன் ஒவ்வொன்றையும் பாதி திருப்பினார். மூடிய வால்வின் வயிற்றிலும் ஒரு மிடறு தண்ணீர் நிற்கும், முழுக்கத் திறந்ததிலும் நிற்கும். பாதியில் விட்டால்தான் வழியும். கடைசியில் பம்புக்குப் பக்கத்தில் சின்ன ஹீட்டரை வைத்து மின்சாரத்தில் செருகிவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

இன்னொன்று. எங்கள் பாஷையில் வாடைக்காற்றுத்தான் குளிர், தென்றல் என்றால் சுகம். நானும் அந்த நம்பிக்கையில் முதல் வருடம் வானின் பின்கதவைத் தெற்கே பார்க்க நிறுத்தினேன், பம்புக்குத் தென்றல் படட்டும் என்று. இங்கே தெற்கிலிருந்து வருகிற காற்று அந்தாட்டிக்காவிலிருந்து நேராக வருகிறது. வானின் தெற்குப் பக்கத்தில் வெயிலே படாது. அதைவிடக் காற்று நின்ற இரவுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். வானம் துடைத்த மாதிரி இருக்கும், ஒரு இலை ஆடாது. அன்றைக்குத்தான் உறையும்.

நேசன் வந்தபோது நான் அங்கே பழைய ஆளாகிவிட்டேன். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும், படகில் வந்து கிறிஸ்மஸ் தீவில் இறங்கி முகாம்களில் இருந்தவன். தற்காலிக விசா. மனைவியும் மகளும் திருச்சிப் பக்கத்தில் அகதி முகாமில் இருந்தார்கள். பெருநகரத்துக்கு வெளியே ஒரே பிடியாக இத்தனை காலம் வேலை செய்தால் அடுத்த விசாவுக்குக் கேட்கலாம், அது கிடைத்தால்தான் குடும்பத்தைக் கூப்பிடுகிற கதை என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால்தான் மெல்பனில் ஒருவரும் நிற்க விரும்பாத குளிர் ஊருக்கு அவன் வந்தான்.

முதல் நாள் யார்ட்டுக்குள் வந்தவன் வானைக் கண்டதும் நின்றுவிட்டான். மோரீனின் வான்கள் இரண்டும் வெள்ளை. பின்பக்கம் யன்னல் கிடையாது. நான் பகிடியாக, “ஏறும் ஐசே, ஒருத்தரும் உம்மைக் கடத்தமாட்டினம்” என்றேன். எங்கள் ஊரில் வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை என்பது எனக்கும் தெரியும்; தெரிந்துதான் சொன்னேன், நாங்கள் எல்லோரும் அப்படித்தானே சிரித்துக்கொள்வோம். நேசன் சிரிக்கவில்லை. வானைச் சுற்றி ஒரு முறை நடந்தான். பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். தாங்கியைத் தட்டிப் பார்த்தான். பிறகு முன்னால் ஏறி உட்கார்ந்து யன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டான். அவனுடைய தமையனை அப்படித்தான் கொண்டுபோனார்கள் என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். என் பகிடிகளில் பாதி இப்படி வழுக்கி விழுகிறவைதான்.

வேலையில் அவன் சுத்தம். வால்வைப் பாதி திருப்ப அவனுக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போது பலரட்டில் இருக்கிறவர் இரவில் வானை வீட்டுக்குக் கொண்டுபோகிற ஒழுங்கு; நான் காரில் வந்துபோகிறவன், என் வான் யார்ட்டிலேயே நிற்கும். வான் உறைந்தால் கொண்டுபோனவர் பொறுப்பு. நேசன் இன்னும் நாலு பேரோடு ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தான். வெளியே மின்வயர் செருகுகிற இடம் இல்லை, அதனால் வயரை யன்னலின் இடுக்கு வழியாக இழுத்துத்தான் ஹீட்டரைப் போட்டான். அந்த இடுக்கால் குளிர் உள்ளே வந்தது. கூட இருந்தவர்கள் முதலில் பழந்துணி அடைத்துப் பார்த்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள். ஒரு இரவு யாரோ வயரைக் கழற்றி எறிந்துவிட்டு யன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் விடியப் புறம் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள்.

எவ்வளவு வடித்தாலும் பம்பின் தலைக்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது உறைந்து, தலை குறுக்கே பிளந்துவிட்டது. புதுத் தலை பூட்ட வான் யார்ட்டில் நின்றது; அடுத்த நாள் காலை பிளந்த தலை நேசனின் இருக்கையில் இருந்தது. இந்த முறை மோரீன் பக்கத்திலும் நின்றார். இன்னொரு முறை உறைந்தால் நீ வர வேண்டியதில்லை என்றார். குரல் உயரவில்லை. நேசன் அந்தத் துண்டை அன்று முழுவதும் தன் காலடியில் வைத்துக்கொண்டு ஓட்டினான். வேலை போனால் விசாவுக்கான மாதக் கணக்கும் போகும், கணக்குப் போனால் திருச்சியில் இருக்கிற இரண்டு பேருக்கு என்ன சொல்வது என்பதுதான் அவன் யோசனை. அதை அவன் வாயால் சொல்லவில்லை. 

அந்தக் கிழமையே மோரீனிடம் கேட்டுத் தன் வானையும் இரவில் யார்ட்டிலேயே விட அனுமதி வாங்கிக்கொண்டான். யார்ட் மோரீனுடைய வீட்டின் பின்புறம்தான். சுவரில் செருகுகிற இடம் இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று நானும் நினைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலை வழக்கத்தைவிட முந்திப் போய்விட்டேன். நேசன் வானின் பின்கதவடியில் நின்று, தடியின் நுனியால் வருகிற தண்ணீரில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். உள்ளே தாங்கிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மெல்லிய மெத்தை, சுருட்டாமல் கிடந்தது. ஹீட்டர் சிவந்துகொண்டிருந்தது.  என்னைக் கண்டதும் வாயைக் கொப்புளித்துவிட்டு, “நல்ல தண்ணி அண்ணை, பல்லில கறை பிடியாது” என்றான்.

வயரை இனி இழுக்கக்கூடாது என்று வீட்டில் சண்டையாகி வெளியேறிவிட்டானாம். வேறு அறை கிடைக்கவில்லை. வானில் படுத்தால் செருகியதை ஒருவரும் கழற்றமாட்டார்கள்தானே என்றான். டார்னெய்ட்டுக்கு வா, என் வீட்டில் இரு என்றேன். அது மெல்பன், கணக்கில் வராது என்றான். வேலை இங்கே, படுக்கை அங்கே என்றால் பிழையா என்று கேட்டேன். அதெல்லாம் தனக்குத் தெரியாது, விசாக்காரரிடம் விலாசத்தை மாற்றி விளையாட முடியாது என்றான். மோரீனிடம் சொல்வோமா என்றதற்கு முகம் கறுத்துவிட்டது. வேலை வாகனத்தில் ஆள் படுத்தால் காப்புறுதிக் கம்பனி ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கும் தெரியும்.

இதன் பிறகு நான் ஒரு நாடகக் கம்பனி நடத்தினேன். தினமும் மோரீன் எழும்ப முந்தியே யார்ட்டுக்குப் போய்விடுவேன். வாசலில் காரை நிறுத்தி, கேற்றைத் தேவையில்லாமல் ஆட்டி, தேவாரம் ஒன்றைத் தொண்டை கிழியப் பாடுவேன். அது நேசனுக்கு எழுப்பு மணி. மோரீன் வந்துவிட்டால் கேற்றடியிலேயே மறித்து நின்று பகிடி சொல்வேன். உள்ளே மெத்தை சுருட்டி, பாத்திரம் ஒளித்து, சட்டை மாற்றுகிற வரையில் அவரைப் பிடித்து வைக்க வேண்டும். நான் ஊர் யன்னலையெல்லாம் கழுவுகிறேன், எங்கள் வீட்டு யன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்று என் மனிசி சொல்கிறாள் என்பது அவற்றில் ஒன்று. அதை நான் குளிர்காலம் முழுக்க எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. வாழ்நாளில் யாருடைய பகிடிக்கும் நிற்காத அந்தப் பெண், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு கடைசி வரையில் நின்று கேட்பார். சிரிக்கமாட்டார். “அவ்வளவுதானா?” என்பார். நான் இன்னொன்று சொல்வேன். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

இதற்கிடையில் மோரீனுக்கு அந்த வானின் மேல் ஒரு திடீர் அக்கறை வந்தது. ஒரு நாள் வெள்ளை நுரைப்பலகை கொண்டுவந்து வானின் உட்சுவர் முழுவதும் ஒட்டச் சொன்னார், தாங்கிக்குக் குளிராமல் இருக்க. இன்னொரு நாள் கூரையில் ஓட்டை வெட்டிக் காற்றுப்போக்கி பூட்டினார், ஈரம் கட்டிப் பம்ப் துருப்பிடிக்காமல் இருக்க. சின்ன ஹீட்டரை எடுத்துவிட்டு, தானே நின்று தானே எரிகிற நல்ல ஹீட்டர் ஒன்று வைத்தார். இவை எதையும் என் வானுக்குச் செய்யவில்லை. “மனிசி பம்பைக் கலியாணம் கட்டப் போறா போல, அடுத்தது தலையணைதான்” என்று நேசனிடம் சொன்னேன். முதல் தடவையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான். நாங்கள் அதிர்ஷ்டக்காரர் என்று எண்ணினோம்.

நான் எழுத வந்த காலை ஆடி மாதத்தில், இங்கே நடுக் குளிர்காலத்தில், வந்தது. முந்திய நாள் மாலையே காற்று நின்றுவிட்டது. விடியப் போகும்போது நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் புல் வெள்ளிக் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. கேற்றின் தாழ்ப்பாளைத் தொட்டால் விரல் ஒட்டியது. தேவாரத்தைத் தொடங்கிவிட்டு யார்ட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். நேசனின் வானுடைய கூரை பனியால் வெள்ளையாக இருந்தது.

அது ஏன் என்னைத் தூக்கிவாரிப் போட்டது என்றால், மற்ற நாட்களில் அந்தக் கூரையில் பனி நிற்காது. உள்ளே ஹீட்டர் எரிந்தால் காற்றுப்போக்கியைச் சுற்றி எப்போதும் ஈரமாகவே இருக்கும். பாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

ஹீட்டர் அணைந்திருந்தது. எப்போது அணைந்ததோ. நேசன் தாங்கியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருந்த உடுப்பு எல்லாவற்றையும் போட்டிருந்தான். போர்வை அவன் தோளில் இல்லை. மடியில் சுற்றிக் கிடந்தது. அதற்குள் என்னவோ பொதியாக இருந்தது. உதடு கறுத்து, தாடை ஆடிக்கொண்டிருந்தது. பேச இரண்டு முறை முயன்று மூன்றாம் முறைதான் சொல் வந்தது.

“பம்ப் உடையேல்லை, அண்ணை.”

போர்வையை விலக்கினேன். பம்பைக் கழற்றியிருந்தான், பில்ட்டரையும். இரண்டையும் வயிற்றோடு அணைத்துப் போர்வையால் மூடி வைத்திருந்தான். இருட்டில், விறைத்த விரலோடு, திருகாணிகளை எப்படிக் கழற்றினான் என்று எனக்குத் தெரியாது. விரல் நுனிகள் கிழிந்திருந்தன. பம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. பிறகு அவன் கையைத் தொட்டேன்.

அதே நேரம் மோரீனின் வீட்டுப் பின்கதவு திறந்தது.

நான் கேற்றடிக்குப் போகவில்லை, படியடியிலேயே மறித்தேன். வாயைத் திறந்தேன். ஒரு பகிடியும் வரவில்லை. இத்தனை காலம் அண்டாவில் நிரப்பி வைத்திருந்தவன் மாதிரி அள்ளிக்கொட்டிய எனக்கு, தேவைப்பட்ட ஒரு காலையில் ஒன்றும் வரவில்லை. கடைசியில் உப்புக் கதையைத் தொடங்கினேன். அவரே நடித்த கதையை அவருக்கே சொன்னேன். பாடசாலை, பூனைப் படம், நாக்கில் வைத்த விரல் எல்லாம்.  அவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு முடியும் வரையில் நின்றார். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார். வானின் பக்கம் போகவில்லை, அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்து, விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினார். உள்ளே ஹீட்டர் ‘கிளிக்’ என்றது. வந்த வழியே வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று முதியோர் இல்லத்து வேலை. நேசன் என் வானில் ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் வரையில் விரல்களுக்கு உணர்வு வரவில்லை. அன்றைய தடியை நான்தான் பிடித்தேன். அடுத்த நாள் காலை அவனுடைய சாரதி இருக்கையில் தடித்த கம்பளிப் போர்வை ஒன்று மடித்து வைத்திருந்தது. பம்புக்குச் சுற்ற என்றார் மோரீன்.

பம்ப் பிறகு உறையவில்லை. கணக்கு முடிந்தது. விண்ணப்பம் போட்டான். வருடக்கணக்கில் பதில் இல்லை. பலரட்டில் இருந்து இனிப் பயன் இல்லையென்று சிட்னிக்குப் போய் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தான். இருமல் மட்டும் அந்தக் குளிர்காலத்திலிருந்து அவனோடு கூடவே போயிற்று. பம்ப் இருமுகிற மாதிரி என்று நான் பகிடி பண்ணுவேன், அவனும் சிரிப்பான். பிறகு சட்டம் மாறி நிரந்தர விசாக் கடதாசி வந்தது. வந்த அன்று எனக்குப் போன் எடுத்தான். நான் கேட்கு முன்பே சொல்லிவிட்டான். மகளுக்குக் கலியாணம் முடிந்து ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. மனைவி, இனி அங்கே வந்து என்ன செய்ய, பேரப்பிள்ளை என்னோடுதான் நிற்கிறது என்று சொல்லிவிட்டாளாம். கோபமாகச் சொல்லவில்லை என்றான். கோபப்பட்டிருந்தால் நல்லது என்றான்.

நான் ஓய்வு பெற்ற நாளில் என் சாரதி இருக்கையில் ஒரு உப்புப் பை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே மோரீனின் குசினிக்குள் போனேன். அடுப்படியில் நின்று தேநீர் ஊற்றித் தந்தார். குசினி யன்னலால் பார்த்தால் யார்ட் முழுவதும் தெரிந்தது; நேசனின் வான் நின்ற இடம் நேர் எதிரே இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் குசினிக்குள் நான் போனது அன்றைக்குத்தான். நேசன் வானில் படுத்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“உன் பகிடிக்காகவா நான் அங்கே நின்றேன் என்று நினைத்தாய்?” என்றார்.

அந்த வீட்டில் மூன்று அறை காலியாக இருந்தது. அதைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

தம்பி கேட்ட இந்தக் கட்டுரையைத் தொடங்கு முன் நேற்று நேசனுக்குப் போன் எடுத்தேன், வடிக்கிற ஒழுங்கில் ஏதும் விட்டுவிட்டேனோ என்று சரிபார்க்க. ஒன்றையும் மறக்கவில்லை அவன்; வால்வு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக்கூட நான் சொல்லச் சொல்லத் திருத்தினான். இப்போது சிட்னிப் புறநகரான கிரவீனில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறான், தனியாக. இந்தக் கிழமை சிட்னியிலும் குளிராம். வீட்டில் ஹீட்டர் இருக்கோ என்று கேட்டேன். அறைக்கு அறை சுவரில் பூட்டியிருக்கு, விரல் வைத்தால் எரியும் என்றான். அப்ப நல்ல சூடாய் இருப்பாய் என்றேன்.

“வான்தான் சூடு, அண்ணை.”